சந்திரலேகாவின் வெள்ளிக்கிழமைத் துடைப்பம்

மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் சந்திரலேகா உலகத்தைப் பெருக்கி முடித்துவிடுவார். கட்டைவிரல்தான் துடைப்பம். காலை வணக்க ரோஜா, கருஞ்சீரக மகிமை, சனிப்பெயர்ச்சிப் பலன், கல்லூரி முதல்வரின் பொன்மொழி என்று போனில் வந்து விழுந்தவை ஒவ்வொன்றாக ஓரம்போகும். ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதுண்டு.

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நூலகவியல் கற்பிக்கிறார். தகவல் வெள்ளத்தில் மூழ்கும் பிள்ளைகளைக் கரையேற்றுவது அவர் பொறுப்பு. அதற்காக ஒரு சேமிப்புச் செயலியும் ஒரு சட்டமும் வைத்திருக்கிறார். எதைச் சேமித்தாலும், ஏன் சேமித்தோம் என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். வரி இல்லாதது வெள்ளிக்கிழமையன்று தானாக அழிந்துவிடும். ராஜாக்கள் காலத்தில்கூட இவ்வளவு கறாரான சட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

கம்மாபுரத்து மாணவன் அய்யனார், போட்டித் தேர்வு வீடியோக்களை மலைபோல் குவித்துவிட்டு, "எல்லாம் சேத்து வெச்சிட்டேன் மேடம், பாக்கத்தான் டைம் இல்ல" என்றான்.

"பலாப்பழத்த உருட்டியாந்து ஊட்டுல வெச்சா பசி போயிடுமா? சொளைய எடு. சக்கைய மாட்டுக்குப் போடு."

சட்டத்தை வகுப்போடு நிறுத்தியிருக்கலாம். ஷார்ஜாவில் இருக்கும் தங்கை காயத்ரி மீதும் பாய்ச்சினார். காயத்ரி வாயாடி. தாளிக்கும்போது, துணி மடிக்கும்போது, லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது குரல்பதிவு அனுப்பிக்கொண்டே இருப்பாள். மேல்வீட்டம்மா வாங்கிய மிக்ஸியின் சத்தம்கூடக் கடல் தாண்டி வந்து சேரும். "வேணுங்கறத மட்டும் அனுப்புடி. ஏன் அனுப்புறன்னு ஒரு வரி போடு" என்றார் அக்கா. தங்கை கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவள் கீழ்ப்படிந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் எப்போதாவது ஒரு தந்தி வருகிறது: 'பாஸ்போர்ட் புதுப்பித்தாயிற்று. காரணம்: நீ கேட்டாய்.' மாணவி யாராவது எழுதியிருந்தால் நூற்றுக்கு நூறு போடலாம். சந்திரலேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. பழையபடி பேசுடி என்று கேட்கலாம்தான். சட்டம் போட்டவரே எந்த முகத்தோடு கேட்பது?

பழைய குரலையாவது கேட்போம் என்று தேடினார். போனில் இடத்தை அடைக்கிறதென்று எல்லாவற்றையும் அந்தச் செயலிக்குத்தான் மாற்றியிருந்தார். வெள்ளிக்கிழமைகள் தம் கடமையைச் சரியாகச் செய்திருந்தன. ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. சட்டம் வந்த புதிதில் காயத்ரி அனுப்பியது. கீழே அவளே ஒரு வரி போட்டிருந்தாள்: 'சும்மா.' செயலிக்கு அது போதுமாயிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. கடுகு வெடிக்குது, கேக்குதா?"

இப்போது தினமும் சிதம்பரம் வரும்வரை அந்தக் கடுகு வெடிக்கிறது.

நேற்று முதுநகரில் மீன்காரம்மாக்கள் இருவர் ஏறினார்கள். கூடையை யார் காலடியில் வைப்பது என்று சண்டை. "ஏன், ஒன் மீனுக்கு மட்டும் சன்னலோரம் சீட்டு வேணுமாக்கும்?" என்றாள் ஒருத்தி. அவள் மாமியார் வரைக்கும் போனாள் மற்றவள். பஸ்ஸே முகம் சுளித்தது. சந்திரலேகா தங்கையின் பெயரைத் திறந்து, குரல்பதிவுப் பொத்தானை அழுத்தினார். கண்டக்டர் குறுக்கே வந்து சமாதானம் பேச, சண்டை தணியத் தொடங்கியது. சந்திரலேகா சீட்டிலிருந்து பாதி எழுந்து, போனை அந்தப் பெண்கள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தார்.