புதுநன்மைக்கு என் ஜோடி

மாதா கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முந்தைய மாதம் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. குச்சி ஐஸ் தின்றதற்குத் திட்டு வாங்கி, கஷாயம் குடித்து, அதை மறந்தும் போனேன். பிறகு ஒருநாள் என்னைக் குளிப்பாட்டும்போது அம்மா அலறினாள். வயிறு, முதுகு, கை எங்கும் துளித்துளியாகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைச் செதில்.

பெரியம்மா அதைத் தொட்டால் ஒட்டும் படை என்றாள். அவள் காதோடு சொன்னாலே விருத்தாசலம் முழுக்கக் கேட்கும். தெருப் பிள்ளைகள் என்னோடு விளையாட வரவில்லை. லீவுக்குக் கம்மாபுரம் போயிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னதை நான் நம்பினேன்.

செராமிக் சூளையில் வேலை பார்த்த அப்பா, லீவு போட்டு என்னைக் கடலூருக்குக் கூட்டிப்போனார். தோல் டாக்டரம்மா புள்ளிகளைப் பார்த்ததும், "பாப்பாவுக்குத் தொண்டை வலி வந்துச்சா?" என்றார். அப்பா திகைத்துப்போனார்.

"அந்தக் கிருமிதாங்க தூண்டிவிட்டிருக்குது. அதை எதிர்க்கக் கிளம்புன உடம்பு, தன் தோலையே தாக்குது. சொரியாசிஸ்ல இது ஒரு வகை. யாருக்கும் ஒட்டாது."

கடைசி இரண்டு வார்த்தைகளை அப்பா மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பஸ் ஸ்டாண்டு ஒரு ரூபாய் போனில் பெரியம்மாவைக் கூப்பிட்டு, "ஒட்டாதாம்!" என்று கத்தினார்.

மாத்திரை, களிம்பு எல்லாம் ஆயிற்று. புதுநன்மை ஞாயிறன்று புள்ளிகள் மங்கியிருந்தன, மறையவில்லை. முழுக்கை கவுன் போடலாம் என்றாள் பெரியம்மா.

"எதுக்கு மறைக்கணும்? எம் பொண்ணு என்னா திருடிட்டா வந்தா?" என்றார் அப்பா. குட்டைக் கை வெள்ளை கவுனில்தான் போனேன்.

கோயில் வாசலில் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நின்றார்கள். எனக்கு ஜோடியாக நின்ற பெண்ணை அவள் அம்மா இழுத்துப்போய் முன்னால் நின்றவர்களோடு சேர்த்துவிட்டாள். வரிசையை ஒழுங்குபடுத்திய சிஸ்டர் கையைப் பிசைந்தார்.

அப்போது அப்பா வந்தார். எந்தப் பூசையிலும் கடைசித் தூணைத் தாண்டி முன்னே போகாத கூச்சக்காரர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா கண்ணு, நாம போலாம்" என்றார். எல்லோரும் பார்க்க, நடுவழியே பீடம்வரை நடந்தோம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேறு யாருக்கும் அப்பா ஜோடியாக வரவில்லையே! பூசை முடிந்ததும் அந்தப் பெண்ணிடமே போய்ப் பீற்றிக்கொண்டேன்.

நடந்த தூரமெல்லாம் அப்பாவின் உள்ளங்கை நனைந்திருந்தது. மே மாதப் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.