ஒளியிழை முனையில் சந்தனம்

ஓசூரில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் படாத இரும்பு கிடையாது. லேத்து, லாரி, தையல் மெஷின், பஞ்சர் கடை ஜாக்கி, எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு உண்டு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒளியிழையின், அதாவது ஆப்டிகல் ஃபைபரின், முனையில் கொண்டுபோய்ச் சந்தனத்தை அப்பிய புண்ணியவான் ஒரு பேராசிரியர். அதுவும் ஒளியிழையையே பாடமாக நடத்துகிறவர். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருடைய பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். தொழிற்பேட்டையை ஒட்டிய துணைமின் நிலையம்தான் என் ஆய்வுக்கூடம். டிரான்ஸ்பார்மருக்குள் ஒரு கண்ணாடி இழையை விட்டு, அதில் போய்த் திரும்பும் ஒளியை வைத்து உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டும். ஒளி குறைந்தால் சூடு ஏறுகிறது என்று கணக்கு. கேட்க எளிதாக இருக்கும். அதை ஒழுங்காகச் சொல்ல வைப்பதற்குள் எனக்கு மூன்று வருஷம் ஓடிவிட்டது. பேராசிரியர் எப்போதாவது வருவார், இளநீர் குடிப்பார், போய்விடுவார். மேடை கிடைத்தால் மட்டும் "நம்ம சென்சார்" என்று வாய் கிழியப் பேசுவார்.

அந்த மாதத்தோடு திட்டம் முடிவதாக இருந்தது. ஆய்வுக்குழு வந்து பார்த்து நீட்டித்தால் எனக்கு வேலை, இல்லையென்றால் இல்லை. நிரந்தரமான கம்பெனி வேலையை உதறிவிட்டு இதற்கு வந்தவள் நான். வீட்டில் அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. குழுவோ பூஜை விடுமுறை முடிந்த மறுநாளே வருகிறது.

விடுமுறைக்கு நான் தேன்கனிக்கோட்டையில் வீட்டில் இருந்த நேரத்தில் பேராசிரியர் பூஜை போட்டிருக்கிறார். ஒளியை அளக்கும் கருவியிலிருந்து இழையை உருவி, தன் கையாலேயே முனையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அப்படியே திரும்பச் சொருகிவிட்டார். ஒரு தூசு ஒட்டினாலே ஒளி மங்கிப்போகும் முனை அது.

விடுமுறை முடிந்து காலையில் நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் குழு வந்துவிட்டது. கருவி, டிரான்ஸ்பார்மர் கொதிக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. நிலையத்தின் பொறியாளருக்கு முகம் வெளிறிவிட்டது.

"சார், ஆஃப் பண்ணிர்லாமா? பேட்டை முழுக்க கரண்ட் போயிரும், பரவால்லையா?"

பேராசிரியருக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா, மத்த மீட்டரெல்லாம் சும்மா இருக்கு. நம்ம சென்சார்தான் சொல்லுது."

மற்ற மீட்டரெல்லாம் சும்மா இருந்தால் சந்தேகம் வர வேண்டாமா? நான் இழையை உருவிப் பார்த்தேன். முனையில் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

"சார், இதுல சந்தனம் இருக்கு."

"நாந்தாம்மா வச்சேன். நல்ல நாளும் அதுவுமா வைக்காம எப்படி?"

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் திரும்பச் சொருகினேன். சூடு சட்டென்று இறங்கி வழக்கமான அளவுக்கு வந்து நின்றது.

"பரவால்லையே, அதுக்குள்ள ஆறிடுச்சே" என்றார் குழுவின் தலைவர்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "ஆறல சார். சூடே ஆகல. சந்தனம் ஒளிய மறைச்சிருக்கு, அவ்ளோதான். இத நம்பி ஆஃப் பண்ணியிருந்தா பேட்டையில ஒரு மெஷின் ஓடியிருக்காது" என்றேன்.

தலைவர் குனிந்து அந்தப் பஞ்சைப் பார்த்தார். "துளி சந்தனத்தக்கூடக் கண்டுபிடிக்குதுன்னா, என்ன நுணுக்கமான கருவி" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். படித்த மண்ணாங்கட்டிகள். திட்டத்தை அங்கேயே இரண்டு வருஷம் நீட்டித்துவிட்டு வடை சாப்பிடப் போனார்கள்.

சாயங்காலம் பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவங்க முன்னாடி அப்படிப் பேசலாமாம்மா? உனக்கு ரிசர்ச் ஒத்து வராது. அடுத்த மாசத்துலருந்து வேற ஆள் போட்டுக்கறேன்."

அழுகை வரவில்லை. அந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். பின்னாலேயே வந்தார்.

"போறதுக்கு முன்னாடி, அந்த முனைய எப்படித் துடைக்கணும்னு மட்டும் எனக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போம்மா."