எபினேயில் புல் வெட்டிய கோடை

போன கிழமை பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வரும்போது, மெற்றோப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் சின்னப் பூங்காவில் ஒரு ரோபோ புல் வெட்டிக்கொண்டு திரிந்தது. ஆமையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சத்தம் இல்லை, புகை இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. வேலிக் கரையில் முட்டியதும் மன்னிப்புக் கேட்பதுபோல மெல்லப் பின்வாங்கி வேறு பக்கம் போனது. நான் வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வாங்கில் இருந்தவர், இந்த மனிசி வாழ்க்கையில் புல்லையே கண்டதில்லையோ என்று யோசித்திருப்பார். ஒரு கோடை முழுக்க நாங்கள் புல்லோடு பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

வெட்டிய புல்லின் வாசம் வந்தது. ஆனால் எனக்கு அது பாதி வாசமாகத்தான் பட்டது. மிச்சப் பாதியில் பெற்றோல் இருக்க வேண்டும், சூடேறிய ரப்பர் பட்டி இருக்க வேண்டும், நவம் அண்ணையின் சிகரெட்டும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் எங்களுக்கு இன்னும் பிள்ளைகள் பிறந்திருக்கவில்லை. நான் லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தேன். என் கணவர் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அங்கே சமையல் பொறுப்பு நவம் அண்ணையிடம் இருந்தது. சமையல் மட்டுமல்ல, உலகத்தில் எந்த விஷயத்திலும் தனக்கு ஒரு பொறுப்பு இருப்பதாக நினைக்கும் மனிதர். மூன்றாவது ஆள் யூட், மன்னார்க்காரன், கடைகளுக்கு மரக்கறி இறக்கும் வான் ஓட்டினான். இவர்கள் இன்னும் சிலரோடு சேர்ந்து ஒரு உதைபந்தாட்டக் குழு வைத்திருந்தார்கள். குழுவுக்குப் பெயர் இருந்தது, சட்டை இருந்தது, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் இருந்தார்கள். மைதானம்தான் இல்லை.

மைதானம் யூட் பூசைக்குப் போகிற தேவாலயத்திலிருந்து வந்தது. அங்கே வருகிற, பாரிஸுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் தனியே இருந்த வயதான பிரெஞ்சுக்கார மதாம் ஒருவருக்கு வீட்டுக்குப் பின்னால் பெரிய நிலம் இருந்தது. புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது ஒரு தோட்ட டிராக்டரில் ஏறி அதை வெட்டுவாராம். அவர் போன பிறகு டிராக்டரை யாரும் தொடவில்லை. அதை ஓட வைத்து, புல்லை வெட்டி ஒழுங்காக வைத்திருந்தால் விளையாடலாம் என்று மதாம் சொன்னார். ஓடாவிட்டால் கோடை முடியும்போது நிலத்தைக் குதிரை வளர்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். நவம் அண்ணை கொட்டிலைத் திறந்து டிராக்டரைப் பார்க்கும் முன்பே சம்மதித்தார். அன்று பின்னேரமே பொபினி நகரில் இருந்த இன்னொரு தமிழ்க் குழுவை விளையாட்டு விழாவுக்கு அழைத்தும்விட்டார்.

கொட்டிலுக்குள் நின்றது எங்கள் எல்லோரையும்விட வயதானது. ஒருகாலத்தில் சிவப்பாக இருந்து, அவித்த இறால் நிறத்துக்கு வந்திருந்தது. வயல் உழும் டிராக்டரின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குக் கீழே கவிழ்த்த தாச்சி மாதிரி ஒரு இரும்பு மூடி. அதற்குள் இரண்டு அலகுகள் சுழன்று புல்லை வெட்டும். அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். நாங்கள் சட்டி என்றுதான் சொன்னோம்.

முதலில் தாங்கியில் பாணியாகிக் கிடந்த பழைய பெற்றோலை ஊற்றி எறிந்தார்கள். எலிக் கூட்டை அகற்றினார்கள். யூட் தன் வானின் பற்றறியைக் கழற்றிப் பூட்டினான். கார்புரேற்றரின் நுண்ணிய துளைகளை நவம் அண்ணை பல் துலக்கும் பிரஷால் கழுவினார். நல்ல பிரஷ் தங்கச்சி, மயிர் ஒன்றும் கழரேல்லை என்று என்னிடமே பாராட்டினார். அது என் கணவர் எடுத்துக்கொண்டு வந்த என்னுடைய பிரஷ் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எஞ்சின் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, பிறகு ஓடியது. மூன்று ஆண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சாரதியாக என் கணவரைத் தெரிந்தெடுத்தார்கள். ஊரில் டிராக்டர்ப் பெட்டியில் ஏறித் திருவிழாவுக்குப் போன அனுபவம் அவருக்கு இருந்தது. வேறு யாருக்கும் அதுகூட இல்லை.

ஆனால் புல் வெட்டுப்படவில்லை. அலகுகள் மொட்டையாகியிருந்தன. தீட்டலாமென்றால் நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. லா சப்பலில் எங்கள் கடைக்குப் பின்முற்றத்தில் கார் திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் நட்டுக் கழற்றும் நீளமான சாவி உண்டு, ஆனால் இரவல் தரமாட்டார். ஆகவே சட்டியை முழுதாகவே கழற்றினார்கள். அன்றைக்குப் பார்த்து யூட்டின் முதலாளி வானை எடுத்துப் போய்விட்டார். நவம் அண்ணையும் என் கணவரும் சட்டியைப் படுக்கை விரிப்பால் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ரயிலில் ஏற்றினார்கள். நான் பின்னால் ஒன்றும் தெரியாத பெண் போல ஏறினேன்.

பயணச்சீட்டுப் பரிசோதகர்கள் வந்தார்கள். எல்லோரிடமும் சீட்டு இருந்தது. ஆனால் அவர்களுக்கு விரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று அறிய ஆசை. நவம் அண்ணை தான் சமையல்காரர், இது உணவகத்துப் பாத்திரம் என்று விளக்கினார். ஒருவர் விரிப்பை விலக்கிப் பார்த்தார். சட்டியின் உட்புறமெல்லாம் ஈரப் புல் அப்பிக் கிடந்தது. அவர் அதைக் காட்டி என்னவென்று கேட்டார்.

"சலாட்" என்றார் நவம் அண்ணை.

பரிசோதகர் விரிப்பைத் திரும்பப் போர்த்தினார். பிறகு அந்த உணவகத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார். எந்தக் காலத்திலும் அங்கே சாப்பிட வந்திருக்க மாட்டார்.

சேலைக் கடையின் பின்முற்றத்தில் வைத்து நட்டைக் கழற்றினார்கள். அலகுகளை உணவகத்துச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டு வந்து பூட்டினார்கள். சட்டியைச் சுரண்டிக் கழுவியது நான். அன்று கடையில் கூறைச்சேலை பார்த்த ஒரு தாய், இந்தச் சேலையில் என்னவோ பச்சை வாசம் அடிக்கிறதே என்றார். முதலாளியம்மா சற்றும் தடுமாறாமல், புதுப் பட்டு அப்படித்தான் மணக்கும் என்று சொல்லி விற்றுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை சட்டியைப் பூட்டி ஓட்டினார்கள். இப்போது புல் படிய வாரிய தலை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு இலைகூட அறவில்லை. மறுபடி சட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். அலகின் கூரான விளிம்பு பின்பக்கமாக இருந்தது. விரலால் தடவினால் மறுபக்கத்தில் ஏதோ எழுத்து தட்டுப்பட்டது. 'புல் பக்கம்' என்று பிரெஞ்சில் பொறித்திருந்தார்கள். அந்தப் பக்கம் நிலத்தைப் பார்க்க வேண்டும். நவம் அண்ணை அதை வானம் பார்க்கப் பூட்டியிருந்தார். ஏன் அண்ணை என்று கேட்டேன்.

"எழுத்து நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தா ஆர் வாசிக்கிறது?" என்றார்.

திருப்பிப் பூட்டியதும் சட்டி பஞ்சு வெட்டுவதுபோல வெட்டியது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்த இடத்தில்தான் பெரிய பிரச்சினை தொடங்கியது. கொஞ்சத் தூரம் ஓடியதும் எஞ்சின் பட்டென்று நிற்கும். திருப்பி ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கும். ஒரு மேடு பள்ளம் வந்தால் மறுபடி நிற்கும்.

வாரக்கணக்கில் ஆராய்ச்சி நடந்தது. நவம் அண்ணை பெற்றோலில் பிழை என்றார். யூட் வயரில் பிழை என்றான். பிளக் மாற்றினார்கள், வயர் மாற்றினார்கள், தாங்கியின் மூடியில் காற்றுப் போகும் துளையை ஊசியால் குத்தினார்கள். என் கணவர், இது செத்த மனிதரைத் தேடுகிறது, எங்களோடு ஒத்துவராது என்றார். அதற்குப் பிறகு யூட் லூர்து மாதா கோயில் தண்ணீர் கொண்டுவந்து எஞ்சினில் தெளித்தான். நவம் அண்ணை முன்விளக்குகளுக்கு நடுவே திருநீறு பூசினார். டிராக்டர் எந்த வேறுபாடும் காட்டாமல் இரண்டு சமயத்துக்கும் நின்றது.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை நான் சோற்றுப் பார்சல்களோடு போனேன். மைதானத்தில் கால்வாசி வெட்டியிருந்தது. மிச்சம் காடு. மூவரும் புல்லில் குந்தியிருந்தார்கள். பொபினிக்காரரிடம் என்ன சொல்வது என்பதுதான் கவலை. கடைசியாக ஒருமுறை எஞ்சினைத் திறந்து வைத்துப் பார்ப்போம் என்று நவம் அண்ணை எழும்பினார்.

"தங்கச்சி, நீ ஒருக்கா ஏறி இருந்து ஸ்ரார்ட் பண்ணு. நாங்கள் மூண்டு பேரும் பக்கத்திலை நிண்டு பாக்கிறம்."

ஏறி இருந்தேன். திறப்பைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினேன். கால் எதிலோ பட்டது. டிராக்டர் புறப்பட்டுவிட்டது. எப்படி நிறுத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை நிறுத்த வேண்டி வரும் என்று யாரும் நினைத்ததுமில்லை. அது என்னை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் இறங்கியது. மேட்டில் ஏறிக் குதித்தது, பள்ளத்தில் விழுந்து எழும்பியது, நிற்கவே இல்லை. நான் சுக்கானைப் பிடித்தபடி தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். பின்னால் மூவரும் நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பாதி மைதானம் வெட்டுப்பட்டதைக் கண்டதும் நவம் அண்ணை, நிறுத்தாதை, அப்பிடியே வளைச்சு வா என்று கத்தத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு மதாம் வெளியே வந்தார். கையை மேலே மேலே ஆட்டி, எழும்பு எழும்பு என்று பிரெஞ்சில் கூப்பிட்டார். நான் எழும்பினேன். எஞ்சின் நின்றது.

இருக்கைக்குக் கீழே ஒரு விசை இருக்கிறதாம். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்கு. மதாமின் கணவர் பருத்த மனிதர். தன் உடம்புக்கு ஏற்றபடி அதன் சுருள் கம்பியை இறுக்கி வைத்திருந்தாராம். என் கணவரோ அந்தக் காலத்தில் கொடியில் போட்ட சட்டை மாதிரி. ஒவ்வொரு மேட்டிலும் அவர் கொஞ்சம் எழும்ப, ஆள் விழுந்துவிட்டான் என்று டிராக்டர் நினைத்திருக்கிறது. இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லையே என்றார் மதாம்.

பாரிஸ் வந்து வெண்ணெய்ப் பாண் தின்று என் உடம்பு எவ்வளவு முன்னேறியிருந்தது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. நவம் அண்ணை வானத்தைப் பார்த்தார். யூட் சோற்றுப் பார்சலை அவிழ்த்தான். என் கணவர் டிராக்டரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"மிசினிலை ஒரு பிழையும் இல்லை. பிழை நான்தான்" என்றார்.

விசையைத் தளர்த்தலாம் என்று யூட் சொன்னான். ஓடுகிற மிசினில் கை வைக்க நவம் அண்ணை விடவில்லை. ஆகவே அந்தக் கோடையின் மிச்சத்துக்குச் சாரதி நான். எனக்கு வேலை இருக்கும் நாட்களில் என் கணவர் மடியில் ஒரு அரிசி மூட்டையைக் குழந்தைபோல அணைத்து வைத்துக்கொண்டு வெட்டினார். விழாவன்று இடப்பக்கச் சில்லில் காற்றுக் குறைந்து சட்டி சரிந்துவிட்டதால், மைதானத்தில் வரிவரியாக மொட்டை விழுந்தது. வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்று பொபினிக்காரர் பாராட்டினார்கள். பிறகு எங்களை மோசமாகத் தோற்கடித்தார்கள். மதாம் வெற்றிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, குதிரைக்காரரிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லப் போவதாக அறிவித்தார். தோற்ற எங்கள் பக்கத்தில்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

சில கோடைகள் அங்கே விளையாடினோம். பிறகு மதாம் தெற்கே மகளிடம் போய்விட்டார். நிலத்தில் அடுக்குமாடி எழும்பியது. பழைய மிசின்கள் சேர்க்கும் ஒருவர் டிராக்டரை ஏற்றிக்கொண்டு போனார். குழு செயற்கைப் புல்லுக்கு மாறியது. நவம் அண்ணை லண்டனுக்கு மாறினார். யூட்டுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது.

போன வருடம் பொபினியில் ஒரு கல்யாணத்தில் மூவரும் சந்தித்தார்கள். சீனி வருத்தம், மருந்து, ஓய்வூதியம் எல்லாம் பேசி முடித்துப் புறப்படும்போது எங்கள் புதுக் கார் அசையவில்லை. மூவர் முகத்திலும் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோட்டுகளைக் கழற்றி என் கையில் தந்தார்கள். சட்டைக் கையை மடித்தார்கள். நவம் அண்ணை முன்மூடியைத் தூக்கினார். உள்ளே விளிம்புக்கு விளிம்பு வழுவழுப்பான ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. ஒரு நட்டு இல்லை, ஒரு வயர் இல்லை, விரல் விட ஒரு ஓட்டை இல்லை. மூவரும் குனிந்தபடி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள். பிறகு யூட் தன் கைக்குட்டையை எடுத்து மூடியின் மேல் இருந்த தூசியை மெல்லத் துடைத்தான். என் கணவர் கைபேசியை எடுத்து உதவிச் சேவைக்காரரை அழைத்தார்.