அப்பா சிரித்த இடம்

அத்தை இப்போது தமிழில் மாமியார், மராத்தியில் கரடி, இந்தித் தெருநாடகத்தில் நகராட்சிக் குழாயடிச் சண்டைக்காரி. வேஷம் இல்லாத நாளில்தான் என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பாள். இந்தப் பிழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருக்க வேண்டியது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. காலையில் அத்தை வசனம் படித்தால் குக்கர் விசிலோடு சேர்ந்து எல்லோர் காதிலும் விழும். அப்பாவுக்கு நாடகம் என்றாலே ஆகாது. ஆனாலும் பாத்திரக்கடைக்குக் கிளம்பச் சவரம் செய்துகொண்டிருப்பவர், அத்தை ஒரு வார்த்தையை விழுங்கினால் கண்ணாடியைப் பார்த்தபடியே எடுத்துக் கொடுப்பார்.

மாட்டுங்காவில் தமிழ் நாடகம். அத்தைக்கு முதன்முதலாகப் பெரிய வேஷம், அடங்காத மகனை வீட்டைவிட்டுத் துரத்தும் தாய். அப்பாவும் வருவதாகச் சொன்னார்.

"மேடையில முழிச்சிக்கிட்டு நின்னேன்னா அதோட நிப்பாட்டிரணும். மறுநாள் கடைக்கு வந்துரு."

"சரிண்ணே" என்றாள் அத்தை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாதரில் மராத்திக் குழந்தைகள் நாடகத்திலும் அவள்தான் தாய்க்கரடி. அந்த வேஷத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ரயிலேறி ஓடிவந்தாள்.

மேடையில் மகன் உள்ளே வந்தான். "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அவள் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பல்லிக்குக்கூடத் தெரிந்த வசனம். வாசலை நோக்கிக் கையை நீட்டிய அத்தை, "பாளா, ஆதி ஜேவூன் கே" என்றாள். குழந்தே, முதலில் சாப்பிடு என்று கரடி தன் குட்டியிடம் சொல்வது.

அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. நீட்டிய கை நீட்டியபடி அத்தை முழித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான், இனி பாத்திரக்கடைதான் என்று எனக்கு அழுகை முட்டியது.

பக்கத்தில் அப்பா சிரித்தார். கல்யாண வீட்டில்கூடச் சிரிக்காத மனிதர், தொடையைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். பின்வரிசை சிரித்தது, அப்புறம் அரங்கமே சிரித்தது. மகனாக நடித்தவர் சட்டென்று தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கைதட்டு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ரயிலில் திரும்பினோம். சயானில் இறங்கியதும் அப்பா கேட்டார்.

"அடுத்த நாடகம் எப்பம்மா?"

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவ்வளவு கைதட்டு வாங்கிய பிறகு என்ன அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான், அப்பாவைச் சிரிக்க வைக்க மராத்தி போதும். மறுநாளிலிருந்து பென்சில், சாக்லேட் என்று எது வேண்டுமானாலும் அவரிடம் மராத்தியில் கேட்டுப் பார்த்தேன். அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.