சைப்ரஸ் பலகையில் ஒரு குங்குமப் பொட்டு

காலை 8.10. மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்தில் ரயில் ஏறினோம். பாபகூராவுக்கு ஆளுக்கு நான்கு டாலர். நியூமார்க்கெட்டில் வண்டி மாற வேண்டும். தொண்ணூற்றாறாம் ஆண்டு, சரஸ்வதி பூஜை நாள்; நான் சென்னையிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்திருந்த சமயம். என் தங்கை கணவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், மடியில் சந்தனக் குங்கும டப்பாவை வைத்திருந்தார். அங்கே, தான் வேலை செய்யும் வாத்தியப் பட்டறையில் தன் உளிகளுக்குப் பொட்டு வைக்க முதலாளி ஹெலனிடம் அனுமதி வாங்கியிருந்தார். அவருடைய மூன்று மாதச் சோதனை வேலை அந்த வாரத்தோடு முடிகிறது. ஹெலன் கடிதம் கொடுத்தால்தான் விசா நீளும். முந்தின நாள் தங்கைதான் அதைச் சொல்லி அழுதாள்.

9.40. பட்டறை நடுவே ஹார்ப்சிகார்ட் நின்றது. பியானோவுக்கு மூத்த வாத்தியம் இது. விசையை அழுத்தினால் உள்ளே ஒரு இறகு முள் தந்தியை மீட்டும். முந்நூறு வருடப் பழைய இத்தாலிய வாத்தியம் ஒன்றை அளந்து அப்படியே செய்கிறார்கள். இத்தாலியர்களின் வழக்கம் விசித்திரமானது. பூவும் பொன்னுமாகத் தீட்டிய கனத்த பெட்டிக்குள் வாத்தியம் தனியாக உட்கார்ந்திருக்கும். அதை வெளியே எடுத்தால் நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள சைப்ரஸ் மரப் பலகை. விளிம்பில் மெல்லிய வரிகள், ஆங்காங்கே எலும்பில் கடைந்த சிறு குமிழ்கள். மற்றபடி மெருகோ வர்ணமோ கிடையாது.

சிவநேசன் தேநீர் போடப் போனார். எனக்குக் கை சும்மா இருக்காது. சென்னையில் வருடாவருடம் என் வீணைக்குப் பொட்டு வைக்கிறவள், விசைகளுக்கு வலப்பக்கத்துப் பலகையில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை அழகாக ஒரு பொட்டாக வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் முகம் வெளிறிப்போனது. பொட்டைத் துடைத்தார். மெருகில்லாத மரம் அதற்குள் சிவப்பைக் குடித்துவிட்டது. சுரண்டினால் பலகை மெலிந்துவிடும்.

"அக்கா, நான் வச்சனான் எண்டே சொல்லுறன். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்."



11.00. ஹெலன் உள்ளே நுழைந்ததும், சிவநேசன் வாய் திறக்குமுன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் நானே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு எலும்புக் குமிழ்களை எடுத்தார். ஒன்றைப் பொட்டின் மேல் தானே ஒட்டினார். மற்றதை சிவநேசன் கையில் கொடுத்து, இடப்பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டச் சொன்னார். மூல வாத்தியத்தில் அந்த இரண்டும் இல்லையே என்று சிவநேசன் தயங்கினார். அதிலுள்ள குமிழ்கள் எதை மறைக்கின்றன என்று யார் கண்டது என்றார் ஹெலன். கை கழுவப் போகிறபோது, நாளைக்குப் பாஸ்போர்ட்டைக் கொண்டு வா, கடிதத்தில் எண் போட வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பி மவுண்ட் ஆல்பர்ட்டில் இறங்கியதும் சிவநேசன், வீடு போகும்வரை பொறுக்காமல், தங்கையிடம் சொல்ல டெலிபோன் கூண்டைத் தேடி ஓடினார்.

அடுத்த வருடப் பூஜை முடிந்து சென்னையில் என் வீணையை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரே இழுப்பில் பொட்டு போய்விட்டது. பாபகூராவில் செய்த அந்த வாத்தியத்தில் வலப்பக்கக் குமிழுக்கு அடியில் என் குங்குமம் இருக்கிறது. இடப்பக்கக் குமிழுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அது சிவநேசன் ஒட்டியது.