முதல்முறை பாண்ட் போட்ட அன்று

எழுபதுகளின் கடைசி. "இதுலயும் தேறலைன்னா நேரா பம்பாய்தான். உங்க மாமாவுக்கு லெட்டர் போட்டாச்சு" என்று அப்பா சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு இண்டர்வியூக்களில் மண்ணைக் கவ்வியிருந்தேன். படிப்பில் குறையில்லை, உடம்புதான் சதி செய்தது. முதலாவதில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாவதில் கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு மின்விசிறிக்குப் பதில் சொன்னேன். கொச்சி மட்டாஞ்சேரியை விட்டுப் போவதா?

மூன்றாவது, பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி. குமாஸ்தா வேலை. என் தங்கை ஒரு வாரம் என்னைப் பிழிந்தெடுத்துவிட்டாள். அவள் எந்த இண்டர்வியூவுக்கும் போனதில்லை என்பது வேறு விஷயம். அப்பாவின் நாற்காலியில் மேனேஜராக உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, கூனாதே! கண்ணைப் பாத்துப் பேசு! ஐயே, இப்படியா முறைக்கிறது? பாவம், அந்த மேனேஜர் பயந்துடுவார்!" என்று அதட்டுவாள். அடுத்த வீட்டுச் சேட்டனிடம் பாண்ட் இரவல் வாங்கி வந்ததும் அவள்தான். அரைக்கால்சட்டை வயது தாண்டியதிலிருந்து எனக்கு வேட்டிதான்.

அன்று மாடியேறிக் கதவைத் திறந்தேன். நிமிர்ந்த முதுகு, அளவான சிரிப்பு, எல்லாம் கனகச்சிதம். உள்ளே வயதான மேனேஜர், புழுக்கத்துக்கு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். பெரியவர்களைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியைச் சட்டென்று இறக்கிவிடுவது எங்கள் ஊர் மரியாதை. அவரைப் பார்த்ததும் என் கைகள் என்னைக் கேட்காமலே இடுப்புக்குப் போயின. வேட்டி இல்லை. கை விடுமா? பாண்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தது. பொத்தான் தெறித்து மேஜைக்கடியில் ஓடியது.

"ஐயோ, அழிக்கண்டா மோனே!" என்று அலறினார் மேனேஜர். அவிழ்க்காதேப்பா என்று கெஞ்சுகிறார் மனுஷர்!

தொலைந்தோம் என்று நினைத்தேன். "ஸார், மரியாதைக்கு... முண்டுன்னு நெனச்சு..." என்று உளறினேன். அவர் என்னைப் பார்த்தார். குனிந்து, மடித்துக் கட்டியிருந்த தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, கீழே சுக்கு மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கையால் பாண்டைப் பிடித்தபடியே அரைமணி நேரம் பேசினேன். காலும் ஆடவில்லை, கண்ணும் விசிறிப் பக்கம் போகவில்லை.

"திங்கக்கிழமை தொட்டு வா. முண்டு உடுத்தா மதி" என்றார். வேட்டி கட்டினாலே போதுமாம்!

தெருவில் தங்கை காத்திருந்தாள். "கையை எங்க வச்சிருந்தே?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி. நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"போச்சு போ. வேலை?"

"கிடைச்சாச்சுடி."

சிரிப்பு நின்றது. முகம் கோணியது. அவ்வளவு ஜனம் போகிற வருகிற தெருவில் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"நீ பம்பாய்க்குப் போயிருந்தா, அந்த வீட்ல நான் யாரோட சண்டை போட்டிருப்பேன்!" என்றாள்.