கப்பிக்குக் கீழே மூன்று செகண்ட்

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் நான் சேர்ந்த நாலாவது நாள், மேல்தளத்தில் மோட்டர் ஒன்று எரிந்துபோனது. எடை நூற்றைம்பது கிலோ. இறக்க வேண்டிய உயரம் ஒன்பது மீட்டர். பாரம் இறக்கும் செயின் பிளாக்கும் பழுது. உத்திரத்தில் கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு முனையில் மோட்டரையும் மறுமுனையில் மணல் மூட்டைகளையும் கட்டச் சொன்னார் எங்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி. மூட்டை ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஐந்து கட்டினோம்.

கீழே நின்று மோட்டரைப் பிடித்துத் திருப்ப வேண்டியவன் நான். பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, சுங்கை புரோங்கில் நெல் மூட்டை தூக்கி, அப்புறம் லோரி வேலை என்று சுற்றியவன். நிற்கச் சொன்ன இடத்தில் நின்று பழக்கம்.

கயிறு கொடுத்த சீட்டில் கையெழுத்து வாங்க ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி மேரி வந்தார். மேலே பார்த்தார்.

“அண்ணே, யாரு கீழ நிக்கிறது?”

“இவன்தான். மெதுவாத்தான் வரும்லா. அந்தப் பக்கம் நூறு கிலோ தொங்குதுல்ல” என்றார் மண்டோர்.

மேரி ஓர் அட்டையைக் கிழித்து எழுதினார். “இழுக்கிறது வித்தியாசம் அம்பது. நகர வேண்டியது மொத்தம் எரநூத்தம்பது. அஞ்சுல ஒரு பங்கு. சும்மா விழுற பொருளுக்கு செகண்டுக்குப் பத்து மீட்டர் வேகம் கூடுனா, இதுக்கு ரெண்டு கூடும். ஒம்பது மீட்டர் வர மூணு செகண்டு.” என் பக்கம் திரும்பினார். “மூணு செகண்டுல எங்க ஓடுவீங்க?”

மேரி மண்டோர் பக்கம் திரும்பினார்.

“இன்னும் ரெண்டு மூட்டை கட்டுங்கண்ணே.”

மண்டோர் சிரித்தார். “கயிறு எரநூத்தம்பதுதான் தாங்கும். அதுக்குத்தான் கணக்கா அஞ்சு கட்டுனேன். கிராணிக்குக் கூட்டத் தெரியாதா?”

“ரெண்டையும் சேத்து வாங்குறது கப்பி தொங்குற கொக்கி. அது அரை டன் தாங்கும். கயித்துல அவ்வளவு வராது. ஓடுறப்ப நூத்திநாப்பத்தஞ்சு.”

மண்டோர் நம்பவில்லை. மேரி வாதாடவும் இல்லை. பழக்குலையைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசை ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து கயிற்றுக்கும் மோட்டருக்கும் நடுவே மாட்டவைத்தார். இன்னும் இரண்டைச் சேர்த்து, ஏழு மூட்டைகளுக்கு அடியில் இன்னொரு கயிறு கட்டி இருவர் பிடித்துக்கொண்டார்கள். என்னைச் சுவரோரம் போகச் சொன்னார்.

பிடித்திருந்தபோது முள் நூற்றைம்பதில் நின்றது. கீழ்க்கயிற்றைத் தளர்த்தினார்கள். மோட்டர் அசைந்து இறங்கத் தொடங்கியது. முள் நூற்று நாற்பத்தைந்துக்கு வந்து நடுங்கியது. கீழ்க்கயிற்றைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். மோட்டர் பலகையில் வந்து உட்கார்ந்தது.

மண்டோர் அட்டையையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். “முள்ளுகூட ஒங்க பேச்சத்தான் கேக்குது, கிராணிம்மா.”

“சீட்டுல கையெழுத்து போடுங்கண்ணே” என்றார் மேரி.

பாரம் தூக்கும் பலசாலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மேரி அன்று கயிற்றைத் தொடக்கூட இல்லை. அதன்பிறகு எந்த வேலையிடத்திலும் பாரத்துக்குக் கீழே நிற்கச் சொன்னால், “எத்தனை செகண்டு?” என்று கேட்கிறேன். இரண்டு இடங்களில் அதற்காகவே என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். யாரும் தூக்கி வரவில்லை; என் காலால் நடந்துதான் வெளியே வந்தேன்.